விளையாட்டுப் போரில் நடுநிலைமை

போருக்கு நோக்கம் இரண்டு என்பது தமிழர் பண்டே கண்ட உண்மை. தொல்காப்பியனார் புறத்திணையியலில் வஞ்சியையும் தும்பையையும் வேறாகப் பிரித்து வைத்தார். மண் கருதிப் படையெடுத்துச் செல்வது வஞ்சி. வலிமையொன்றையே பொருளாகக் கொண்டு வந்த வேந்தனை மற்றொரு வேந்தன் எதிர்சென்று பொருவது தும்பை. முன்னதிற்கு வேண்டுவது வெற்றி. பின்னதிற்கு வேண்டுவது இருவருள் வல்லார் யாவர் என்னும் தெளிவு. இப்பாகுபாடு ஏட்டளவில் நின்றொழிவதன்று. இக்காலத்து மாணவர் பலர் மாலைதோறும் ஆடும் கணினிப் போர் விளையாட்டுக்களில் ஓயாது எழும் ஒரு வழக்கினைத் தீர்ப்பதற்கும் இதுவே தக்க அளவுகோல் என்பது எமது துணிபு.

அவ்வழக்கு யாதெனிற் கூறுவாம். பலர் கூடி ஆடும் அவ்விளையாட்டுக்களில் இருதிறத்தார்க்கும் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் கொடுக்கப்படுகின்றன. ஓர் அணி அமெரிக்க ஊர்தியைச் செலுத்தும். மற்றோர் அணி ரஷ்ய ஊர்தியைச் செலுத்தும். இவை தம்முள் நிகரானவையா என்பதே வினா. தோற்றவர் தம் ஊர்தி தாழ்ந்தது என்பர். வென்றவர் தம் கை உயர்ந்தது என்பர். மாணவர் விடுதிகளில் இதுபற்றி எழும் சொற்போர், கணினியில் நிகழும் போரினும் நீண்டு செல்வதை யாம் கண்டிருக்கின்றேம். வீண்பொழுதுபோக்கினர்க்கு நடுநிலைமை எற்றுக்கு என்று பெரியோர் சிலர் வினவலாம். 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டுப் போட்டிகளை இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின்கீழ்ச் சேர்த்துவிட்டது. விளையாட்டு என்னும் பெயரை ஏற்ற ஒன்று, விளையாட்டிற்குரிய நேர்மையையும் ஏற்றல் வேண்டுமன்றோ?

இவ்வழக்கில் ஒரு சாரார் கூறுவது: மெய்யுலகில் ஓர் ஊர்தி எவ்வாறு உளதோ, அவ்வாறே விளையாட்டிலும் இருத்தல் வேண்டும், உயர்ந்தது உயர்ந்ததாகவும் தாழ்ந்தது தாழ்ந்ததாகவும் இருக்கட்டும் என்பது. இது கேட்பதற்கு வாய்மைபோல் தோன்றும். ஆயினும் வஞ்சிக்குரிய நெறியைத் தும்பைக்கு ஏற்றுவதாகும். படைத்துறை எஞ்ஞான்றும் நாடுவது ஏற்றத்தாழ்வையே. இந்திய வான்படை 22 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் வாங்கக் கருதியபோது ரஷ்யாவின் மி-28என் ஊர்தியையும் அமெரிக்காவின் அப்பாச்சி ஊர்தியையும் ஆய்ந்து, 2011இல் அப்பாச்சியையே மேலெனக் கொண்டது. 2015இல் ஒப்பந்தம் முடிந்து, 2019 செப்டம்பர் 3ஆம் நாள் பதான்கோட்டில் முதல் எட்டு ஊர்திகள் படையிற் சேர்ந்தன. தோற்ற ஊர்திக்குச் சிறிது வலிமை கூட்டி இரண்டையும் நிகராக்குவோம் என்று அங்கே எவரும் சொல்லார். சொல்லின் அவர் படைத்துறைக்கு உரியவர் அல்லர்.

நம் ஊரே இதற்குச் சான்று பகரும். 1767 செப்டம்பரில் செங்கத்திலும், பின்னர்த் திருவண்ணாமலையிலும், ஐதர் அலியும் நிஜாமும் ஒருபாலாகவும் கர்னல் ஸ்மித் தலைமையிற் கம்பெனிப் படை ஒருபாலாகவும் பொருதனர். ஒருபால் திரண்ட குதிரைப்படை. மற்றொருபால் பயிற்சி மிக்க காலாட்படை. எண்ணிற் குறைந்த ஸ்மித்தின் படையே வென்றது. அக்களத்தில் இருதிறத்தையும் நிறுத்துப் பார்த்து ஒப்பாக்கினார் ஒருவருமிலர். மெய்ப்போர் அத்தன்மைத்து. விளையாட்டோ, இருவரும் இசைந்து புகும் களம். தோல்வி முன்னரே எழுதப்பட்டதாயின் அறிவுடையார் அதனுட் புகார்.

மெய்ம்மைப் பற்று எத்துணை எல்லைக்குச் செல்லும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவாம். ‘வார் தண்டர்’ என்னும் விளையாட்டில் பிரிட்டிஷ் டாங்கியாகிய சாலஞ்சர் 2 பிழைபட அமைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுவதற்காக, 2021இல் ஆட்டக்காரர் ஒருவர் படைத்துறைக் கையேட்டின் பகுதிகளையே பொதுவில் வெளியிட்டார். விளையாட்டை நடத்துவோர் அதனை ஏலாது நீக்கினர். ஒரு விளையாட்டின் எண்களைத் திருத்துவதற்கு ஒரு நாட்டின் மறைபொருளை விலையாகக் கொடுப்பது ஆர்வமன்று, அறிவு மயக்கமே.

நிற்க. மற்றொரு சாரார் கூறுவது இதற்கு நேர்மாறானது: இரண்டு ஊர்திகளையும் எல்லா வகையினும் ஒன்றாக்கிவிட்டால் வழக்கே எழாது என்பது. 2011இல் வெளிவந்த ‘பேட்டில்ஃபீல்டு 3’ ஏறக்குறைய இவ்வழியினது. அதில் அமெரிக்க அணிக்கு ஏஎச்-1இசட் வைப்பரும், ரஷ்ய அணிக்கு மி-28உம் உரியன. இரண்டிலும் ஊர்தி செலுத்துவோர் ஒருவர், பீரங்கி இயக்குவோர் ஒருவர்; பூட்டத்தக்க படைக்கலங்களும் பெரும்பாலும் ஒருதன்மையன. மெய்யுலகில் வைப்பரின் பீரங்கி 20 மில்லிமீட்டர், மி-28இன் பீரங்கி 30 மில்லிமீட்டர் என்னும் வேற்றுமை அங்கே பொருட்டாவதில்லை. ஆயினும் வழக்கு ஒழிந்ததா? இல்லை. வைப்பரின் உடல் ஒடுங்கியது, மி-28 பருத்தது. எண்கள் ஒத்தாலும் பருத்த உடல் பகைவர் குறிக்கு எளிதிற் படும் என்பர் ஆடுவோர். முழு ஒருமை வேண்டின் வடிவையும் ஒன்றாக்குதல் வேண்டும். அங்ஙனம் ஆக்கினால், நிறம் மட்டும் மாறிய ஓர் ஊர்தியே எஞ்சும். இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து அதன் இயல்பறிந்து பழகும் இன்பம் அழியும்.

இவ்விரு கொள்கைக்கும் இடையே நம் முன்னோர் கண்ட வழி ஒன்றுண்டு. அதுவே ஆடுபுலி ஆட்டம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் அதன் கட்டத்தைக் கீறி வைத்திருப்பதை இன்றும் காணலாம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டிக் கொல்லும். ஆட்டிற்குக் கொல்லும் ஆற்றல் இல்லை. எனினும் ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை அசையவிடாது மடக்கிவிடும். இருதிறத்தார் கருவிகளும் முற்றும் வேறானவை, ஆட்டமோ விறுவிறுப்புடையது. நிகர் என்பது ஒன்றாயிருத்தல் அன்று. ஒருவர் வலிமைக்கு மற்றவர் கையில் விடையிருத்தலே நிகர். இதுவே யாம் நிறுவ விழையும் கருத்து.

இவ்வளவுகோல் கொண்டு ஹெலிகாப்டர்களை நோக்குவோம். ஒன்றின் ஏவுகணை நெடுந்தொலைவு செல்லுமாயின், அதனைச் செலுத்துவோன் குறிவைத்துக் காத்திருக்கும் பொழுதில் மற்றவன் குன்றின் பின் மறைய இடம் இருத்தல் வேண்டும். வெப்பத்தை நாடிவரும் ஏவுகணையைப் பிறழச் செய்யும் சுடர்கள் இருவரிடமும் இருத்தல் வேண்டும். திருவள்ளுவனார் இடனறிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஆழ்நீரில் வெல்லும் முதலை நீர்விட்டு நீங்கின் பிறவற்றிற்குத் தோற்கும் என்றார். நம் நாட்டுப் பிரசண்ட் ஊர்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின் உயரங்களில் உணரப்பட்ட குறையால் கருக்கொண்டு, 2022 அக்டோபர் 3ஆம் நாள் படையிற் சேர்ந்த அது, அப்பாச்சியினும் மிகச் சிறியது. ஆயினும் 5,000 மீட்டர் உயரத்திற் படைக்கலத்தோடு இறங்கி ஏறவல்லது. மணல்வெளியில் பெரியது சிறக்கலாம். பனிமலையில் சிறியது சிறக்கலாம். ஆதலின் ஊர்தியின் எண்களை மட்டும் திருத்தி, களத்தின் இயல்பை நோக்காது விடுதல் அரைகுறைத் திருத்தமே.

திருத்துவோர்க்கும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டியிருக்கிறது. ‘வார் தண்டர்’ விளையாட்டில் ஒவ்வோர் ஊர்திக்கும் ஒரு தரவெண் வகுத்து, அண்மைத் தரவெண் உடையவற்றையே ஒருங்கு மோதவிடுவர். ஆடுவோர் பெறும் பயனை நோக்கி அவ்வெண்ணை மாற்றுவர். முறை நன்று. ஆயினும் கைதேர்ந்தவர் மட்டும் தேர்ந்தெடுக்கும் ஊர்தி மிகுதியும் வெல்லும்; அவ்வெற்றி ஊர்தியினுடையதா கையினுடையதா என்று பகுத்துணர்தல் அரிது. ஆரவாரம் எழுந்தவுடன் ஓர் ஊர்தியின் சிறகை வெட்டுவது, தேர்ந்தவன் பயிற்சிக்குத் தண்டனை விதிப்பதாக முடியும். சிறிது சிறிதாகத் திருத்துக. ஒரு நேரத்தில் ஒன்றையே திருத்துக. காரணத்தை எல்லாரும் அறியக் கூறுக.

இனி, எண்களாற் காணப்படாத ஏற்றத்தாழ்வு ஒன்றுளது. ஆட்டத்தை நடத்தும் கணினி தொலைநகர் ஒன்றில் இருக்க, திருவண்ணாமலையில் இருந்து ஆடுவோன் விரல் அசைத்த செய்தி அங்குச் சென்று மீள்வதற்குச் சிறுபொழுது கழியும். பெருநகரில் விரைந்த இணைப்பும் விலையுயர்ந்த கணினியும் உடையவனுக்கு அப்பொழுது குறைவு. பழுதடைந்த கணினியோடு போராடும் ஏழை மாணவன் பகைவனைக் காண்பதற்கு முன்னரே வீழ்கின்றான். ஊர்தியைப் பற்றி வழக்கிடும் நாம் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. இது விளையாட்டை ஆக்கியோர் தனித்துத் தீர்க்கத்தக்கதன்று. போட்டி நடத்துவோர் தீர்க்கத்தக்கது.

ஆகவே, கல்லூரி மாணவர் இத்தகைய போட்டி நடத்த முற்படுவாராயின் மூன்று விதிகளைக் கொள்ளுமாறு வேண்டுகின்றேம். முதலாவது, அனைவரும் ஓரறையில் ஒரேதரக் கணினிகளில், தமக்குள் இணைத்த வலையில் ஆடுக. இரண்டாவது, சதுரங்கத்தில் வெள்ளையும் கறுப்பும் மாறுவதுபோல், ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அணிகள் ஊர்தியை மாற்றிக்கொள்க. இரண்டின் பயனையும் கூட்டியே வெற்றி கூறுக. மூன்றாவது, இருவகைக் களத்திலும் ஆடுக. இவற்றிற்குப் பொருட்செலவு பெரிதன்று, வேண்டுவது மனமே. இரண்டு ஊர்தியிலும் வென்றவன் வெற்றியை மறுப்பார் இலர். இரண்டிலும் தோற்றவனுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

தோல்விக்குக் கருவியைப் பழிக்கும் பழக்கம் ஆடுகளத்தோடு நில்லாது. தேர்விலும் தொழிலிலும் உடன் வரும். மெய்யாகவே கருவி தாழ்ந்திருப்பின் அதனை எடுத்துக் கூறித் திருத்துவித்தலும், தாழ்ந்திலதாயின் தன் கையைத் திருத்திக்கொள்ளுதலும் ஆண்மகற்கும் பெண்மகட்கும் ஒப்ப உரிய கடன். இவ்விரண்டனையும் பகுத்தறியும் பயிற்சியை அளிக்குமாயின், கணினிப் போரும் தும்பை சூடத் தக்கதே.