சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்குமா?

ஆம்பூர் பைபாஸ் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போகும். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இறங்குகிறவர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புல்லட் வரும். டப்... டப்... டபடபடப்! இடுப்பில் இருக்கும் குழந்தை வீறிட்டு அழும். பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள். ஓட்டுகிற தம்பி முகத்திலோ அப்படி ஒரு பெருமை!

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கம்பெனி சைலன்சர் வண்டியை அமுக்குதுண்ணா. இதை மாட்டினா பிக்கப் அள்ளும், மைலேஜ் கூடும், இன்ஜின் ஃப்ரீயா இருக்கும்."

பஞ்சாபி, இந்தோரி என்று பெயர் சொல்லி விற்கிற கடைக்காரர்கள் கற்றுக்கொடுத்த பாட்டு இது. இதில் பாதி பொய், மீதி அரைகுறை உண்மை. அரைகுறை உண்மைதான் அதிக ஆபத்து.

சைலன்சர் என்பது வெறும் சத்தம் குறைக்கும் குழாய் இல்லை. இன்ஜினிலிருந்து புகை எவ்வளவு வேகமாக வெளியேற வேண்டும், அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கார்புரேட்டர் ஜெட்டின் துளை அளவை வைத்திருக்கிறார்கள். குழாயை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு உடைகிறது. காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும். இன்ஜின் சூடேறும். ஆக்சிலேட்டரை விட்டதும் "பட் பட்" என்று வெடிக்கும். பையன்களுக்கு அது கெத்து. மெக்கானிக்குக் கேட்டால் அது நோயின் அறிகுறி. இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகவும் வாய்ப்பு உண்டு.

இங்கேதான் வியாபாரம் ஆரம்பிக்கிறது. "ஜெட்டை மாத்துங்க" என்பார்கள். மாற்றினால் மைலேஜ் குறையும். "ஏர் ஃபில்டரை எடுத்துட்டு கோன் ஃபில்டர் போடுங்க" என்பார்கள். மட்டமான ஃபில்டர் என்றால் பாலாற்றங்கரைப் புழுதி நேராக சிலிண்டருக்குள் போகும், பிஸ்டன் ரிங் தேயும். முதலில் வாங்கிய ஒரு பொருள் செய்த கோளாறைச் சரிசெய்ய இரண்டாவது, இரண்டாவது செய்ததைச் சரிசெய்ய மூன்றாவது. வண்டி முன்னேறவே இல்லை. பழைய நிலைக்குத் திரும்பத்தான் இத்தனை செலவு!

பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இன்னும் மோசம். அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் சைலன்சரின் வடிவம்தான் வெளியே தப்பிக்கிற பெட்ரோல் கலவையை அழுத்த அலையால் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை அறுத்துவிட்டு ஏதோ ஒரு குழாயை மாட்டினால் சக்தி குறையுமே தவிரக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகைக்குழாயிலேயே ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. அதைக் கழற்றுவது ஊர்க் காற்றில் விஷத்தைத் திறந்துவிடுவது. தோல் ஷாப்புகளால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று பேசுகிற ஊரில் இதையும் பேசத்தான் வேண்டும்.

தோல் தொழில் தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம். ஷூவின் மேல் தோல், இன்சோல், சோல் எல்லாமே ஒரே லாஸ்டின் அளவுக்குச் செய்யப்படுகின்றன. எட்டாம் நம்பர் மேல் தோலுக்கு ஒன்பதாம் நம்பர் சோலை ஒட்டினால் செக்கிங்கில் என்ன சொல்வார்கள்? "சோல் பெரிசு, அதனால ஷூ உசத்தி" என்றா? ரிஜெக்ட்! இன்ஜினும் அப்படித்தான்.

இது பைக்குக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. துப்பாக்கி சைலன்சருக்கு அமெரிக்காவில் 1909-ல் காப்புரிமை பெற்றவர் ஹிராம் பெர்சி மாக்சிம். மோட்டார் வண்டிக்கான சத்தம் குறைக்கும் கருவிகளையும் அவர் உருவாக்கினார். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். கைத்துப்பாக்கி பலவற்றில் சுட்டதும் குழல் சற்றுச் சாயும். அதன் முனையில் சைலன்சரின் கனம் தொங்கினால் அடுத்த குண்டு சரியாக ஏறாமல் சிக்கிக்கொள்ளலாம். கனத்தைத் தாங்க ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவி ஒன்று உண்டு, அதற்கு அவசியமும் உண்டு. ஆனால் அதோடு நிற்காமல் வேறு ஸ்பிரிங், வேறு குழல், வேறு டிரிகர் என்று கண்டதையும் மாட்டினால் நன்றாக ஓடிய துப்பாக்கி புதிதாகச் சிக்க ஆரம்பிக்கும். தேவையான ஒரு பாகம் வேறு, ஆசைக்கு மாட்டும் பத்துப் பாகம் வேறு. வேடிக்கை என்னவென்றால், அங்கே சத்தத்தைக் குறைக்கக் காசு செலவழிக்கிறார்கள். இங்கே கூட்டுவதற்கு!

"ரேஸ் வண்டியில் மாற்றுகிறார்களே?" என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு மொத்த இன்ஜினையும் சேர்த்து டியூன் செய்கிறார்கள், அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். வாணியம்பாடிக்கு டீ குடிக்கப் போகிற வண்டிக்கு அது எதற்கு? "சத்தம் கேட்டால்தான் லாரிக்காரர் ஒதுங்குவார்" என்பது இன்னொரு வாதம். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது, லாரியோ முன்னால் போகிறது. ஹாரன் எதற்கு இருக்கிறது?

துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் அதே அளவில் நல்லது வாங்கிப் போடுவதில் தவறே இல்லை. பிரேக் ஷூ, செயின் செட் தரமானதாக வெளியில் வாங்கலாம். கேள்வி அது இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். ஒரு குழாய் 100 டெசிபல் கத்தினால் அது இருபது அதிகம் இல்லை, ஒலி ஆற்றலில் 100 மடங்கு! கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஒலி வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

கடைசியாக ஒரு வரவு செலவுக் கணக்கு. செலவுப் பக்கம்: குழாய், ஜெட், ஃபில்டர், கூடுதல் பெட்ரோல், வாரண்டியில் தகராறு, அபராதம், விற்கும்போது "ஒரிஜினல் சைலன்சர் எங்கே?" என்று கேட்டு விலையைக் குறைக்கிற ஆள். வரவுப் பக்கம்: சத்தம். அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தின் செலவும் ஓட்டுகிறவர் தலையில் மட்டும் விழுவதில்லை. வேலூர் சிஎம்சிக்கு எங்கெங்கிருந்தோ வந்து, பக்கத்துத் தெரு லாட்ஜில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் ராத்திரி பதினொரு மணிக்குத் திடுக்கிட்டு எழுகிறார். அவர் எந்தக் கடையிலும் எதையும் வாங்கவில்லை. ஆனால் பில் அவருக்கும் போகிறது.

தம்பி, வண்டி வேகமாகப் போகவில்லை. சத்தமாகப் போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரைக்கும் கடைக்காரர் கல்லா நிறைந்துகொண்டேதான் இருக்கும்!