சிறிய நாய்க்கும் பயிற்சி வேண்டும்

பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய நாய்கள் மேலே தாவினால் பலரும் சிரித்து விட்டுவிடுகின்றனர். பெரிய நாய் தாவினால் பொறுப்பதில்லை. இவ்வேறுபாடு தவறு என்பதே எங்கள் கருத்து. வயிற்றில் தையலுடன் வீடு திரும்புபவருக்கு 3 கிலோ நாயின் தாவலும் துன்பமே. ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் பயிற்சியைத் தொடங்குங்கள்.

தாவும்போது தூக்கிக் கொஞ்சாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும்போது மட்டும் சிறிது தீனி கொடுத்துப் பாராட்டுங்கள். வீட்டார் அனைவரும் இவ்வாறே நடத்தல் வேண்டும். ஒருவர் இடங்கொடுத்தாலும் பழக்கம் நிலைக்காது. அடிக்க வேண்டாம், அஞ்சிய நாய் கடிக்கக்கூடும்.

நாய் சிறிதென்று காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரை அணுகுங்கள்.