பணிவிடை யாருடைய கடமை?

நமது மாவட்டத்தில் பணி, சேவை, தொண்டு என்ற சொற்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. குருவானவர் இறைபணியாளர். அரச அலுவலர் மக்கள் சேவகர். நிவாரணம் கொண்டு வருபவர் தொண்டர். விதானையார் முறை 1963இல் நீக்கப்பட்டபோது, அந்த இடத்துக்கு வந்த அதிகாரிக்குக் கிராம சேவையாளர் என்றே பெயரிட்டார்கள். பின்னர் அவர் கிராம அலுவலர் ஆனார். ஆனால் நம் கிராமத்தவர் பலர் இன்றும் அவரை "விதானையார்" என்றுதான் அழைக்கிறார்கள். பெயரை மாற்றினால் உறவு மாறிவிடாது என்பதை அவர்களின் வாய்மொழியே சொல்லிவிடுகிறது.

1990 முதல் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்தச் சொற்களின் எடை நன்றாகத் தெரியும். நிவாரண வரிசை, பதிவு வரிசை, வீட்டுத்திட்டப் பட்டியல், காணி விசாரணை என்று ஒவ்வொன்றிலும் சேவை செய்பவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தார்; சேவை பெறுபவர் வெயிலில் நின்றார். ஆகவே, "கிறிஸ்தவத் தலைமை பணிவிடைத் தலைமை" என்று மறையுரையில் கேட்கும்போது, யார் யாருக்குப் பணிவிடை செய்வது என்று அவர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வது நியாயமே. அந்தக் கேள்விக்கு நற்செய்தி தரும் விடையைத்தான் இங்கு பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான விளக்கத்தை ஒதுக்கிவிட வேண்டும். இயேசு பணியாளராக வாழ்ந்தார், ஆகவே இடம்பெயர்ந்தவர்களும் பொறுமையாக, தாழ்மையாக, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு இருக்க வேண்டும் என்ற விளக்கமே அது. இதை யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் காணி கேட்டு எழுந்து பேசுகிறவரிடம் "கொஞ்சம் தாழ்மையாய் இருங்கள்" என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறோம்.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் இருக்கை கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அவர்களுடைய கண்ணும் அதே இருக்கைகளில்தான். அப்போதுதான் இயேசு பன்னிருவரையும் அழைத்து, ஆளுகிறவர்கள் மக்களை அடக்கி ஆளுவதுபோல உங்களிடையே இருக்கக்கூடாது, பெரியவராக விரும்புகிறவர் தொண்டராகட்டும் என்று கற்பிக்கிறார். இந்தப் போதனை பதவிக்காகப் போட்டியிட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்து பிச்சை கேட்ட பர்த்திமேயுவுக்குச் சொல்லப்படவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில் வரும் அந்தக் குருடரைக் கூட்டம் பேசாதிருக்கச் சொல்லி அதட்டியது. இயேசுவோ நின்று, அவரை அழைத்து, உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தாழ்மையைத் தலைவர்களிடமும் விருப்பத்தை ஏழையிடமும் கேட்டவர் அவர்.

யோவான் 13ஆம் அதிகாரமும் இதையே காட்டுகிறது. விருந்தினரின் பாதம் கழுவுவது அக்காலத்தில் வீட்டு அடிமையின் வேலை. அன்று மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டியவரோ, போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கப்பட்டவர். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போதும், இறைநிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கினார் என்கிறார். உயரத்தில் இருப்பவரால்தான் இறங்க முடியும். வயலும் வீடும் விதைநெல்லும் இழந்து தறப்பாளின் கீழ் படுத்த குடும்பத்தை ஏற்கெனவே மற்றவர்கள் வெறுமையாக்கிவிட்டார்கள். அவர்களிடம் மேலும் இறங்கிவரச் சொல்வது நற்செய்தி ஆகாது.

நமது திருச்சபையின் வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கோவாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்த புனித யோசப் வாஸ் அடிகள், 1677இல் தம்மை அன்னை மரியாளின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாளின் வேடத்தில் இலங்கையின் வடபகுதிக்கு வந்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்த உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர் அங்கேயே நின்று அவர்களைப் பராமரித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கு வந்து நம் மக்களோடு செபித்தார். குலமும் கல்வியும் தந்த உயரத்தை யோசப் வாஸ் தாமே விரும்பி விட்டு இறங்கினார் என்பதை மறக்கக்கூடாது.

மன்னார் மண்ணிலும் அப்படிப்பட்ட பணியாளர்கள் இருந்தார்கள். மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசெம்பரில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, 1985 ஜனவரி 6ஆம் திகதி, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் அடிகளும் கொல்லப்பட்டார். ஆபத்து தெரிந்தும் மக்களோடு நின்றவர்கள் அவர்கள். 1992 முதல் மன்னார் ஆயராக இருந்து 2021இல் இறைவனடி சேர்ந்த இராயப்பு யோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்குக் கேட்டார். வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவு காட்டிய மக்கள் தொகையிலிருந்து, இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களின் தொகையைக் கழித்து, மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரிசி மூட்டை பகிர்வது பணிவிடை. காணாமற்போனவர்களை எண்ணி, அதிகாரத்தின் முன் அந்த எண்ணிக்கையைச் சொல்வதும் பணிவிடையே. நல்ல ஆயனுக்குத் தன் ஆடுகளின் கணக்குத் தெரியும்.

எல்லாரும் பணியாளர் என்றால் யார் முடிவெடுப்பது என்று சிலர் கேட்கலாம். கட்டுக்கரைக் குளத்தை நினைத்துப் பாருங்கள். அருவியாற்றுத் தண்ணீர் தேக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டு அங்கு வந்து சேர்கிறது. துருசைத் திறக்கவும் பூட்டவும் ஒருவர் வேண்டும். அவரிடம் அதிகாரம் இல்லாவிட்டால் வயல்கள் காயும். ஆனால் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் அவர் முதலில் தன் வயலுக்கும் தன் உறவினர் வயலுக்கும் பாய்ச்சினால், கடைசி வாய்க்காலில் இருப்பவரின் பயிர் கருகிவிடும். பாதம் கழுவிய பின்பும் இயேசு, போதகர் என்ற பெயரை மறுக்கவில்லை. அதிகாரம் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதையே காட்டினார்.

ஆகவே தலைவர்களை அளக்க மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். பங்குச் சபைக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் குருக்களாகிய எங்களுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, கணக்குப் புத்தகம் யாருடைய வீட்டில் இருக்கிறது? எந்த உறுப்பினரும் கேட்டவுடன் பார்க்க முடிகிறதா?

இரண்டாவது, கூட்டத்தில் யார் பேசுகிறார்கள்? முகாம்களில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். குழுக்களின் மேசையிலோ பெரும்பாலும் ஆண்கள். பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரம் கெங்கிரேயா சபையின் பெபேயாளைத் திருத்தொண்டர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவதை நாம் அதிகம் வாசிப்பதில்லை.

மூன்றாவது, நாளடைவில் மக்கள் எழுந்து நிற்கிறார்களா, அல்லது தலைவர் இல்லாமல் ஒரு கடிதமும் எழுத முடியாதவர்களாகவே இருக்கிறார்களா? யோவான் 15இல் இயேசு சீடர்களைப் பணியாளர் என்று அழைப்பதை விட்டு நண்பர்கள் என்று அழைக்கிறார். பணிவிடையின் முடிவு நட்பு. மக்களை என்றென்றும் பயனாளிகளாகவே வைத்திருக்கும் சேவை, சேவை செய்பவருக்கே தேவைப்படுகிறது.

முள்ளிக்குளத்து மக்கள் இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தந்தார்கள். 2007இல் வெளியேற்றப்பட்ட அவர்களின் கிராமம் கடற்படைத் தளமாயிற்று. 2017 மார்ச்சில் அவர்கள் தாங்களே பந்தலிட்டு அமர்ந்து, ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினார்கள். ஏப்ரல் இறுதியில் சுமார் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. கேட்டதெல்லாம் அன்று கிடைத்துவிடவில்லை. ஆனால் கேட்டவர்கள் காணியின் சொந்தக்காரர்களே. குருக்கள் பக்கத்தில் நின்றார்கள். பணியாளரின் இடம் அதுதான்.

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளத்துக்குப் போயின. அவர்களும் வயலையும் தோட்டத்தையும் விட்டுப் போன விவசாயிகளே. திரும்பி வந்தவர்களின் காணிப் பிரச்சினையை அவர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கினால், நல்ல சமாரியரின் உவமையை நாம் வாசித்துப் பயனில்லை. தன் இனத்துக்கு மட்டும் பணி செய்பவர் இனத்தின் காவலர் ஆகலாம். கிறிஸ்துவின் பணியாளர் ஆக முடியாது.

அன்புக்குரிய குடும்பங்களே, உங்கள் கிராமத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எழுப்புங்கள். பங்குத்தந்தை இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கேள்வி கேட்பது தாழ்மைக்கு எதிரானதல்ல. பதில் சொல்வதுதான் தலைவருக்குரிய தாழ்மை.