திரும்பி வாற நேரத்தை முதல்ல எழுதுங்கோ

"மச்சான், ஜனவரியில கிரிகல்பொத்த. ஆர் ஆர் வாறியள்?"

வட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் போதும், பத்து நிமிசத்துக்குள் நாற்பது பதில் வந்துவிடும். வானுக்கு எவ்வளவு, ஆர் ஸ்பீக்கர் கொண்டுவாறது, உச்சியில் நின்று எடுக்கப்போகிற படத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் ரீசேட் போடுவமா. இதைத்தான் நாங்கள் 'பிளான்' என்று சொல்லிக்கொள்கிறோம். இரண்டு வருசத்துக்கு முதல் எங்களிடம் இருந்த பிளானும் இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் இராணுவக் காவலும் இருப்பதால் நினைத்தபடி நடந்து ஏற முடியாது. அதற்கு அடுத்தது ஹோட்டன் சமவெளிக்குள் நிற்கும் கிரிகல்பொத்த, 2,388 மீற்றர். ஆகவே இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் காலால் நடந்து போய்த் தொடக்கூடிய மிக உயரமான இடம் அதுதான். 'உலக முடிவு' பார்க்கப் போகிற கூட்டம் வெளிக்கிடுகிற அதே ஃபார் இன்னில் இருந்துதான் இந்தப் பாதையும் தொடங்குகிறது. போக சுமார் 7 கிலோமீற்றர், வர அதே 7.

"ஏழு கிலோமீற்றர்தானே" என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒன்பது பேர். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவிரவாக வானில் வந்தோம், ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. வழியில் தேத்தண்ணி, படம், திரும்பவும் படம். நடக்கத் தொடங்க பத்து மணி. முதலில் புல்வெளி, பிறகு காடு, வேர், சேறு, ஆள் உயரத்துக்கு மூங்கில் பற்றை. ஒன்றரை மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. ஒருத்தனின் சப்பாத்து அடி கழன்றது. "இன்னும் கொஞ்சம்தான்" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு இருபதுக்கு உச்சி. சுற்றிவர வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இறங்கும்போது சப்பாத்துக் கழன்றவனுக்குக் கால் பிரண்டது. ஆறரைக்கு இருட்டு. ஒன்பது பேருக்கும் சேர்த்து சார்ஜ் இருந்த தொலைபேசி மூன்று. பூங்கா ஊழியர்கள் இரண்டு பேர் ரோர்ச்சோடு எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். நன்றாக ஏச்சு வாங்கினோம். அது எங்களுக்கு வேணும்.

ஆனால் அன்றைய கதையின் மோசமான பகுதி மலையில் நடக்கவில்லை. எங்களில் ஒருத்தி, கொழும்பில் இரண்டு நாள் கருத்தரங்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பின்னேரம் அம்மா எடுத்திருக்கிறா. சிக்னல் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்துப்போட்டு, கொழும்பில் இருக்கும் கூட்டாளிக்கு எடுத்திருக்கிறா. அவளுக்கும் ஒன்றும் தெரியாது. இரவு எட்டு மணிக்கு எங்கள் தொலைபேசி உயிர்த்தபோது முப்பத்தியொரு தவறிய அழைப்புகள் கிடந்தன. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் ஒரு தாய் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறா. அதன் பிறகு அவளை எங்களோடு எங்கேயும் விடவில்லை.

இந்தமுறை திரும்பவும் கிரிகல்பொத்த போகலாம் என்று கதை தொடங்கியபோது நாங்கள் ஒன்றை முடிவெடுத்தோம். பிளான் என்பது சாமான் பட்டியல் இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவோம், அது ஆருக்குத் தெரியும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் இருக்கிற பதில்தான் பிளான். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் திரும்பும் நேரம். 1892 இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். அந்தக் கணக்கில் கிரிகல்பொத்தவுக்கு இரண்டு மணித்தியாலம்தான் வரும். ஆனால் அது நல்ல பாதையில் நிற்காமல் நடக்கும் பழகிய காலுக்கு உரியது. கடல் மட்டத்தில் வளர்ந்த எங்கள் காலுக்கும் சேற்றுக்கும் அதை இரண்டால் பெருக்கினோம்: நாலு மணித்தியாலம். இறங்கவும் நாலு என்றே வைத்தோம், ஏனென்றால் களைத்த கால்தான் பிரளும். பூங்கா வாசல் காலை ஆறுக்குத் திறக்கும். ஏழுக்கு நடந்தால் பதினொன்றுக்கு உச்சி. பிந்தினால் பதினொன்றரை, அதுதான் கடைசி. பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்புவோம், உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும். மூன்றரைக்குக் கீழே வந்துவிடலாம். அப்படியும் இருட்டுக்கு முன்னால் இரண்டரை மணித்தியாலம் கையில் இருக்கும். ஒரு கால் பிரளுவதற்கான இடம் அது.

"இவ்வளவு தூரம் வந்து உச்சியைத் தொடாமல் போறதோ?" என்று ஒருத்தன் கேட்டான். சரியான கேள்விதான். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் ஒரு புயலில் 8 பேர் இறந்தார்கள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் அனுபவமுள்ள வழிகாட்டிகளும் இருந்தார்கள். கிரிகல்பொத்த எவரெஸ்ட் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லும் மனம் இரண்டு மலையிலும் ஒன்றுதான். மேலே நிற்கும்போது அந்த மனத்தை நம்ப ஏலாது. அதனால்தான் கீழே, வயிறு நிறைஞ்சு, நித்திரை கொண்டெழும்பின நேரத்தில் முடிவெடுக்க வேணும்.

திரும்பும் நேரத்தை முதலே எழுதுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஏலாத ஆள் வாய் திறக்கலாம். போனமுறை பன்னிரண்டு மணிக்கே எங்களில் மூன்று பேருக்கு ஏலவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. "என்னால எல்லாரும் திரும்ப வேண்டி வருமே" என்ற வெட்கத்தில் மூன்று பேருமே பேசாமல் நடந்திருக்கிறார்கள். இந்தமுறை மெதுவாக நடக்கிற ஆள்தான் முன்னுக்கு. அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகம்.

சாமானைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆயிரம் மீற்றர் ஏற, வெப்பம் ஆறு ஆறரைப் பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் 28 என்றால் அங்கே 13 அளவில்தான், காற்றும் மழையும் சேர்ந்தால் இன்னும் குளிரும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். நனைந்தால் காயாத டெனிம் வேண்டாம். மழை ஜக்கெற், ஆளுக்கொரு ரோர்ச், இரண்டு லீற்றர் தண்ணி, ஜீவனி பக்கற், கச்சான், பேரீச்சம்பழம். பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், ஆகவே சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். முதல்நாள் இரவு நுவரெலியாவில் படுத்து எழும்புங்கள். மழை, மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று வெளிக்கிட முதல் பாருங்கள். இருந்தால் வான் காசு போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி: ஆருக்குத் தெரியும்?

பெடியள் எட்டுப் பேர் "மலைக்குப் போறன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒருத்திதான் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்யை அவள் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாங்கள் தப்பிவிட ஏலாது. உண்மை சொன்னால் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனோம். பொய் சொல்லி வருகிற ஆளுக்கு ஏதும் நடந்தால் தேடுகிறவர்கள் வேறு மாவட்டத்தில் தேடுவார்கள். இதை அம்மா அப்பாமாரும் யோசிக்க வேணும். நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னால் பிள்ளை எப்போதும் வீட்டில் நிற்கும் என்றில்லை. சில நேரம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு தாளில் எழுதினோம். போகிறவர்களின் பெயர், பாதை, வான் சாரதியின் இலக்கம், நடக்கத் தொடங்கும் நேரம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் எங்களிடம் இருந்து செய்தி வராவிட்டால் ஆருக்கு அழைக்க வேணும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு அவள் வீட்டுக்கும் போனோம். அம்மா முதலில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போனமுறை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். தேத்தண்ணி வந்தது. தாளை இரண்டுதரம் வாசித்தா. பிறகு கேட்டா: "சரி, மழை வந்தா என்ன செய்வியள்?"

"திரும்பிருவம் அம்மா. உச்சிக்குக் கிட்ட நிண்டாலும் திரும்பிருவம்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றா.

வான் பதிய இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. பட்டியலில் அவள் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.