எண்ணைக் குறைப்பது மருத்துவம் அன்று

நீரிழிவு நோயாளி ஒருவர் மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். குளுக்கோமீட்டர் 480 என்கிறது. உடனே இன்சுலின் ஊசி. ஒரு மணி நேரத்தில் 300. ‘சர்க்கரை இறங்கிவிட்டது, இனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்’ என்று சுற்றியிருப்போர் நிம்மதி அடைகின்றனர். ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

கீட்டோ அமிலத்தேக்கத்தில் உயிரைப் பறிப்பது மீட்டரில் தெரியும் எண் அன்று. நீரிழப்பும், இரத்தத்தில் ஏறும் அமிலமும், பொட்டாசியத்தின் சரிவும் சேர்ந்தே பறிக்கின்றன. எனவே முதல் மருந்து உப்புநீர்: இதயமும் சிறுநீரகமும் தாங்குமாயின், தொடக்க மணி நேரங்களில் மணிக்கு 500 முதல் 1000 மில்லி வரை. அடுத்தது பொட்டாசியம். அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருக்கையில் இன்சுலின் செலுத்தினால், எஞ்சியதும் செல்களுக்குள் புகுந்து இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே முதலில் பொட்டாசியத்தை ஈடுசெய்ய வேண்டும். அதன் பின்னரே இன்சுலின். சர்க்கரை 250-க்கு இறங்கிய பிறகும் அதை நிறுத்தலாகாது; டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து, அமிலம் தீரும்வரை தொடர வேண்டும்.

இந்த வரிசையை லாங் ஐலண்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். அத்தீவுக்குச் சாலை இல்லை. ரங்கத் செல்லப் படகு. ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்லக் கப்பல். கடல் கொந்தளித்தால் இரண்டும் இல்லை. நகரத்தில் பிழையான தொடக்கத்தை அரை மணி நேரத்தில் வேறொரு மருத்துவர் திருத்திவிடலாம். தீவில் முதல் ஊசியின் விளைவு நடுக்கடலில்தான் தெரியவரும்.

தீவின் சுகாதாரம் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் ஹெலிகாப்டர்தான் விடையாக முன்வைக்கப்படுகிறது. ஹெலிகாப்டர் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அது வரும்வரை நோயாளியின் நரம்பில் உப்புநீர் ஏறிக்கொண்டிருக்க வேண்டாமா?

‘தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் இதெல்லாம் இயலுமா?’ என்பது அடுத்த கேள்வி. 1973-இலேயே ஆல்பர்ட்டி குழுவினர், சிறு அளவு இன்சுலினைத் தசையில் மணிதோறும் செலுத்தியே நீரிழிவு மயக்கத்தைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினர். 2024-இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறையும், மிதமான நிலைகளில் தோலடி ஊசி போதும் என்கிறது. எனவே பம்பு இல்லை என்பது காரணமாகாது. அறிவும் ஒழுங்கும் இல்லை என்பதே காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மீட்டரில் 300 கண்டவுடன், கீட்டோனும் நீரிழப்பும் உள்ளனவா என்று பாராமல் ஊசியைத் தூக்குவதும் பிழையே. கால் முறிந்தாலும் காய்ச்சல் கண்டாலும் சர்க்கரை ஏறும். தீவிர சிகிச்சை நோயாளிகள் ஆறாயிரம் பேரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு, சர்க்கரையை இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் மரணம் மிகுந்தது என்று 2009-இல் காட்டிற்று.

கேட்பது பெரிதன்று. கீட்டோன் பட்டை, பொட்டாசியம் அளக்கும் சிறு கருவி, இ.சி.ஜி., போதிய உப்புநீர், சுவரில் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு பக்க நெறிமுறை, அதைப் பழகிய ஒரு செவிலியர். இவற்றைத் தர இயலாத அரசு, தூரத்தைக் குற்றம் சொல்லலாகாது. கடல் வைத்த தூரம் வேறு. அலட்சியம் வைத்த தூரம் வேறு.