வென்றவன் செலுத்தும் தண்டம்

குதிரைப் பந்தயத்தைத் தன் தேசியப் பெருமைகளுள் ஒன்றாகக் கொண்டாடும் பிரித்தானியாவில், 2025 செப்டெம்பர் 10 ஆம் திகதி ஒரு பந்தயமும் நடைபெறவில்லை. பந்தயப் பணத்தின் மீதான வரியை உயர்த்தும் யோசனையை எதிர்த்துப் பந்தயத் துறையே அன்று தன் வாயில்களை அடைத்துக்கொண்டது. நவம்பரில் வெளியான வரவு செலவுத் திட்டம் ஏனைய இணையவழிப் பந்தயங்களுக்கு உயர்ந்த வரியை அறிவித்து, குதிரைப் பந்தயத்தை அதினின்றும் விலக்கியது. குதிரைகள் புல்லையும் கொள்ளையும் தின்று ஓடுவதாக நாம் எண்ணுகின்றோம்; உண்மையில் அவை பந்தயம் கட்டுவோரின் பணத்தைத் தின்றே ஓடுகின்றன என்பதை இந்நிகழ்ச்சி உலகறியச் செய்தது.

நாம் சூதுக்குப் பரிந்து பேச முன்வரவில்லை. அதன் கேட்டை உணர்த்த வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், சட்டம் அனுமதித்த ஒரு வாணிபத்தில் யாரிடம் எவ்வளவு அறவிடப்படுகின்றது, அது எங்கே போய்ச் சேருகின்றது என்பவற்றை ஆராய்வது பொதுநலத்தின் பாற்பட்டது. நம் நாட்டின் 'புக்கி' கடைகளிலும் இங்கிலாந்துக் குதிரைகளின் பெயரில் பணம் கட்டப்படுகின்றது என்பதை அறிந்தோர், இது நமக்கென்ன என்று கேட்கமாட்டார்கள்.

புக்கி என்பவர் பந்தயக்காரருக்கு எதிராளியாக நிற்பவர். பந்தயக்காரரின் நட்டமே அவருடைய இலாபம். 2000 ஆம் ஆண்டில் தோன்றிய 'பெட்ஃபெயர்' என்னும் நிறுவனம் இம்முறையை மாற்றியது. ஒரு குதிரை வெல்லும் என்பவரையும் வெல்லாது என்பவரையும் ஒரே சந்தையில் இணைத்து, இருவர் பணத்தையும் தன் கையில் வைத்திருந்து, வென்றவரிடம் மாத்திரம் தரகு பெற்றது. நெடுங்காலமாக அத்தரகு பொதுவில் 5 சதவீதமாக இருந்தது. ஒரு பந்தயத்தில் 100 பவுண் நிகர இலாபம் பெற்றவர் 5 பவுண் கொடுப்பார்; தோற்றவர் தரகு எதுவும் கொடார். வெல்வோரின் கணக்குகளைப் புக்கிகள் முடக்கிவந்த காலத்தில், "வெல்பவரும் வருக" என்ற இச்சந்தை பலருக்கு நியாயமானதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால், அவ்வரவேற்பு நீடிக்கவில்லை. 2008 இல், தொடர்ந்து வெல்வோர் தம் மொத்த இலாபத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் கட்டணமாகச் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2011 இல், கணக்குத் தொடங்கிய நாள் முதலாக இரண்டரை இலட்சம் பவுணுக்கு மேல் ஈட்டியோருள் சிலருக்கு அது 60 சதவீதம் வரை உயர்ந்தது. 2025 இன் தொடக்கத்தில் பெயரும் கணக்கும் மாறின. எனினும், மிகுந்து வெல்பவரிடம் மிகுந்து அறவிடும் கொள்கை மாறவில்லை.

மிகுந்த வருமானமுடைய வைத்தியரும் வழக்கறிஞரும் உயர்ந்த வீதத்தில் வரி செலுத்தவில்லையா என்று சிலர் வினவலாம். அவ்வரியைப் பாராளுமன்றம் விதிக்கின்றது. அது பொதுத் திறைசேரியை அடைகின்றது. இதுவோ ஒரு தனியார் நிறுவனம் தன் இலாபத்துக்காகத் தானே விதித்துத் தானே எடுத்துக்கொள்வது. சந்தைக்கு வெங்காயம் கொண்டுசெல்லும் கமக்காரரிடம், "நீர் நன்றாகப் பயிர் செய்பவர், ஆதலால் உமக்கு மட்டும் பன்மடங்கு தரகு" என்று தரகர் கூறினால் அதனை நாம் நியாயம் என்போமா? வேறு சந்தைகள் சில இருப்பினும், வாங்குவோர் திரண்டிருப்பது அத்தரகரின் சந்தையிலேதான் என்னும்போது, கமக்காரர் எங்கே போவார்?

இனி, குதிரைகளுக்குக் கிடைப்பது எவ்வளவு? 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அறவீட்டுச் சபையே பந்தய வணிகரிடம் பணம் பெற்றுப் பரிசுகளுக்கும், குதிரை வைத்தியத்துக்கும், பந்தயத் திடல்களின் பாதுகாப்புக்கும் வழங்கிவருகின்றது. 2017 முதல், ஜிப்ரால்ட்டர் போன்ற இடங்களிலிருந்து தொழில் நடத்துவோரும் இதற்கு உட்பட்டனர். பிரித்தானியப் பந்தயங்களில் பெறும் மொத்த இலாபத்தில், முதல் ஐந்து இலட்சம் பவுண் நீங்கலாக, 10 சதவீதம் செலுத்தவேண்டும். 2023–24 இல் இவ்வகையில் பத்துக் கோடி பவுணுக்கு மேல் சேர்ந்தது.

இங்கேதான் சிக்கல் உள்ளது. வாடிக்கையாளர் இழந்த 100 பவுண் புக்கியின் இலாபமாக நின்றால், குதிரைகளுக்கு 10 பவுண் சேரும். அதே 100 பவுண் சந்தையில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறினால், 5 பவுண் தரகில் பத்திலொரு பங்காகிய அரைப் பவுணே சேரும். சந்தையில் பந்தயம் ஏற்போரும் புக்கிகளே, அவர்களும் அறவீடு செலுத்தவேண்டும் என்று பழைய நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கை 2012 இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில், இலாபத்தைப் பாராது கட்டப்படும் பணத்தின் மீது 1.5 சதவீதம் பெறும் நியூ சவுத் வேல்ஸ் முறையை அவுஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. அம்முறை சிறு இலாபத்துக்குப் பந்தயம் கட்டுவோரை வருத்தும் என்பது மெய்யே. எனினும், பிறர் தோற்கவேண்டும் என்று குதிரை வளர்ப்போர் காத்திருக்கும் இழிநிலை அதில் இல்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். தரகு எவ்வளவென்பது முன்கூட்டியே அறிவிக்கப்படவேண்டும். அது வென்றவரின் திறமையைப் பார்த்து ஏறலாகாது. குதிரைகளுக்குரிய பங்கு ஒவ்வொரு பந்தயப் பணத்திலிருந்தும் வெளிப்படையாகப் பிரிக்கப்படவேண்டும். தோற்பவரைக் கொண்டு வாழும் ஒரு துறை, வெல்பவரையும் தண்டிக்கும் சந்தையோடு கைகோத்து நிற்குமாயின், அங்கே நடப்பது விளையாட்டன்று, வெறும் வசூலே. பந்தயக் கடையின் படியேறும் நம்மவரும் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!