இருபத்தோரு நாள்தான், தோழர்களே!

வயலில் அளவுக்கல் நட்ட பிறகு ஊர் கூடிப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அரசிதழ் அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஆட்சேபணைக்கு 21 நாள்தான். தபால் வரட்டும் என்று திண்ணையில் உட்காராதீர்கள்! அறிவிக்கையின் சாரம் இரண்டு நாளிதழ்களில் வந்தால் சட்டத்துக்குப் போதும். அந்தத் தாளில் டீக்கடைக்காரர் வடை மடித்துக் கொடுத்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலையை மறந்துவிடவில்லையே? ஐந்து மாவட்டம், 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்தது, பட்டாசு வெடித்தோம். 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைப் புரட்டிப்போட்டது. ஆனால் ஒன்றில் நம் பக்கம் நின்றது: வெறும் 3ஏ அறிவிக்கையைக் காட்டி வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது செல்லாது, உழவர் பெயரையே திரும்ப ஏற்று என்றது. நிலத்தை அரசுடைமையாக்கும் 3டி அறிவிப்பு வரும்வரை நிலம் உங்களுடையது. இப்போதே சிட்டாவை எடுத்துப் பெயரைச் சரிபாருங்கள்.

"நிலம் தரமாட்டேன்" என்று ஒற்றை வரி மனு வேண்டாம். அதை ஒற்றை வரியிலேயே தள்ளிவிடுவார்கள். புல எண், கிணறு, தென்னை, நிலத்தை நம்பியிருக்கும் தலைகள், சாலைக்கு வேறு தடம் இருந்தால் அது, எல்லாம் எழுத்தில் ஏறட்டும். நேர்விசாரணை கேளுங்கள், வக்கீலோடு போக உரிமை உண்டு. நகலில் முத்திரை வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்! விசாரிப்பதும் காரணம் சொல்வதும் அரசு போடும் பிச்சையல்ல. அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு தரும் சொத்துரிமைக்குள் அவையும் அடக்கம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. அம்மா பேரில் பட்டா இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! அவர்களை முன்னே நிறுத்துங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுத்தால் சட்டம் வேறு, 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். கெடுவை நோட்டீஸிலேயே பாருங்கள். நெடுஞ்சாலை நிலத்துக்குத் தொகை குறைவென்றால் நடுவரிடம் போகலாம். அந்த நிலத்துக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டென்று 2019இல் தீர்ப்பாகிவிட்டது. அந்தச் சண்டை பிறகு. "எவ்வளவு தருவான்?" என்ற பேச்சை இப்போதே எடுப்பவர்களிடம் உஷாராக இருங்கள், தரகர்கள் அப்படித்தான் ஊருக்குள் நுழைகிறார்கள்.

கிளைத் தோழர்களே, கூட்டுப் பட்டாக்காரர்களை முதலில் பிடியுங்கள். தாத்தா பேரிலேயே கிடக்கும் பட்டாவுக்கு வாரிசுச் சான்று கேட்டு நாளைக் காலையே மனு கொடுங்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும் பங்காளிகளுக்கு இன்றிரவே போன் போடுங்கள்!